கல்லுக்குக் காத்திருந்த கை

தரையில் செங்கல்லைப் பதித்து அதன்மேல் பஸ் ஓட்டுகிறார்கள். நெதர்லாந்தில் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி இதுதான். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, பாகூர் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். செங்கல் என்றால் சுவர், தரை என்றால் கான்கிரீட் என்று மண்டையில் ஏற்றிக்கொண்டவள். அங்கே தெருத்தெருவாக, சந்துசந்தாக, ஒரு பிடி சிமென்ட் இல்லாமல் வெறும் மணலில் செங்கல்லை நெருக்கி நிறுத்தி வைத்திருந்தார்கள். பஸ் போகிறது, லாரி போகிறது, ஒரு கல்லும் அசையவில்லை. எங்கள் ஊர் ரோட்டை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

ஊரின் பெயரை எழுதலாம் என்றால், அதைச் சரியாகச் சொல்வதற்குத் தொண்டையில் சளி கட்டியிருக்க வேண்டும். இருந்த நாள் முழுக்க நாங்கள் அதை ‘அந்த ஊர்’ என்றேதான் சொன்னோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நாங்கள் என்றால் நானும் ஏழுமலை மேஸ்திரியும். எங்கள் சைட்டில் அவர்தான் மூத்த கொத்தனார். நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கல்லுக்கு நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார்.

“இன்னா மேடம் இது? எவ்ளோ நல்ல கல்லு. இத்தப் போயி கீழ போட்டு மிதிக்கிறானுங்களே. எங்கூட்டு செவுத்துக்கே இப்டி கல்லு கெடைக்கல.”

அவர் உட்கார்ந்த இடம் சைக்கிள் போகும் பாதை. முன்னால் பெட்டி வைத்து அதில் இரண்டு பிள்ளைகளை உட்கார்த்தி ஓட்டி வந்த ஒரு பெண், மணியை அடித்து, பிரேக் போட்டு, ஏதோ கத்திவிட்டுப் போனாள். மொழி புரியவில்லை, ஆனால் திட்டு நன்றாகப் புரிந்தது. மேஸ்திரி சிரித்துக்கொண்டே எழுந்தார்.

உண்மையில் முதல் அதிர்ச்சி இது இல்லை. ரயிலில் நடந்ததுதான் முதல். அதை நினைக்கவே பிடிக்காததால் பின்னால் தள்ளினேன். பாதி வழியில் ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. மேஸ்திரி பாத்ரூம் தேடி முன் பெட்டிகளுக்குப் போனார். ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ரயிலின் முன்பாதி மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் இருந்த பின்பாதி அப்படியே நிற்கிறது. அங்கே ரயிலைப் பாதியாகப் பிரித்து, முன்பாதியை ஒரு ஊருக்கும் பின்பாதியை இன்னொரு ஊருக்கும் அனுப்புவார்களாம். அவருடைய பாஸ்போர்ட் என் பையில். போனும் என் பையில். “ஐயோ, எங்க மேஸ்திரி!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை மடித்து, “உங்கள் ஆள் முன்பாதியிலா? அடிக்கடி நடப்பதுதான், பதறாதீர்கள்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைப் பிரித்தார். எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. டிக்கெட் பரிசோதகர்தான் போன் போட்டுச் சொல்லி, என்னை அடுத்த ரயிலில் ஏற்றி அனுப்பினார். அந்த இன்னொரு ஊர் ஸ்டேஷனில், மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்து, ரயில்வேக்காரப் பெண்மணி வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“எங்க போயிட்டீங்க மேடம்?” என்று அவர் என்னைக் கேட்டார். “ரயில பாதியா ஒடிக்கிறானுங்க. ஒரு வார்த்த சொல்ல வேணாமா?”

இப்படி அடிபட்டு நாங்கள் போனது, கட்டட வேலையில் தானியங்கி இயந்திரங்களும் ரோபோக்களும் பற்றிய உலக மாநாட்டுக்கு. என் தகுதிக்கு அது கிடைத்தது அல்ல. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து மார்த்தா என்ற பேராசிரியர் தன் குழுவோடு பாகூருக்கு வந்திருந்தார். வில்லியனூர் மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு ஏரிக்கரைப் பக்கம் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில்தான் அவர்கள் வேலை. மேஸ்திரிக்கு ஒரு கறுப்புச் சட்டையும் கால்சட்டையும் மாட்டினார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லா இடத்திலும் சின்னச் சின்ன கருவிகள். அவர் சுவர் கட்டும்போது உடம்பு எப்படி அசைகிறது என்று அவை பதிந்துகொள்ளும். அதை வைத்து ஓர் இயந்திரத்துக்குச் செங்கல் கட்டக் கற்றுக் கொடுப்பார்கள். மேஸ்திரி முதலில் அந்த உடுப்பைப் போடவே மாட்டேன் என்றார். பிறகு கழற்ற மாட்டேன் என்றார். இப்போது அந்த இயந்திரமும் அவரும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் சுவர் எழுப்பிக் காட்ட வேண்டும். அதற்கு முன் அதே மேடையில் நான் எங்கள் சைட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மேஸ்திரியின் மனைவி தனம் அக்கா. அவருக்குச் சித்தாளும் அக்காதான். எங்கள் பக்கத்தில் கலவை அள்ளிப் பரப்பும் கரணையைப் பிடித்துச் சுவர் கட்டுவது ஆண். கலவை தூக்கி, கல் சுமந்து, கொத்தனாருக்குக் கொடுப்பது பெண். வேறு மாதிரி நான் ஒரு சைட்டிலும் பார்த்ததில்லை. செலியமேட்டில் எங்கள் தெருதான் அவர்களுக்கும், அதனால் அக்கா என்னைச் சைட்டில் கூட மேடம் என்று கூப்பிடாது. நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனது.

“பாப்பா, அந்த மிஷினு வந்துட்டா யாரு வேல போவும்? அவுருதா, என்துதா? நேரா கேட்டுகினு வா. பொண்ணு நர்சிங்கு படிக்கிறது என் கூலில. ரெண்டுல எது போவும்னு தெரிஞ்சா நான் எதினா வழி பாப்பேன்.”

“போய்த்தான் பாக்கணும் அக்கா.”

“போயி பாக்கத்தான் சொல்றேன். வந்து நீட்டி மொயக்காத. போவும்னா போவும்னு சொல்லு.”

அந்த ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள், காலைச் சாப்பாட்டு மேசையில் வெண்ணெய் தடவிய ரொட்டி வந்தது. மேஸ்திரி தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“மேடம், எறும்பு.”

பார்த்தால் ரொட்டி முழுக்கக் கறுப்பாக மொய்த்திருந்தது. எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து மேசையில் டை கட்டிய ஒருவர் அதே எறும்பை ரொட்டியில் இன்னும் கொஞ்சம் தூவிக்கொண்டிருந்தார். சாக்லேட் துருவல். குழந்தைகள் அல்ல, வேலைக்குப் போகும் பெரிய மனிதர்கள் காலையில் அதைத்தான் தின்கிறார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றார்.

மாநாடு நடந்தது ஒரு பழைய ஆலையில். மூடிப்போன ஆலை என்றால் எங்கள் பக்கம் ஆடு மேயும். இவர்கள் உள்ளே கண்ணாடிக் கூரை போட்டு மண்டபமாக்கியிருந்தார்கள். ஓர் இயந்திரம் முறுக்குப் பிழிவது போல கான்கிரீட்டைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்து சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. இன்னொன்று தானாகக் கழுத்தை நீட்டிக் கூரையில் துளை போட்டது. நாலு கால் உள்ள ஒன்று நாய் மாதிரி நடந்து, நேற்றைவிட இன்றைக்கு எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று படம் பிடித்தது. அதாவது என் வேலை. நான் தினமும் காலையில் செய்கிறதை நாய் செய்துகொண்டிருந்தது. அக்காவின் கேள்வியைச் சுமந்துகொண்டு போனவளுக்கு அப்போதுதான் தன் பிழைப்பும் ஞாபகம் வந்தது.

“யாரும் கத்தலியே மேடம்,” என்றார் மேஸ்திரி. “கலவ எங்க, கல்லு எங்கன்னு ஒரு சத்தம் இல்ல. வேல நடக்கற எடம் மாறியே இல்ல.”

மதியம் ரொட்டி, பாலாடைக்கட்டி, பக்கத்தில் ஜாடியில் மோர். ஆமாம், மோர். பெரிய பெரிய விஞ்ஞானிகள் சாப்பாட்டோடு மோர் குடிக்கிறார்கள். மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. ஒரு வாய் குடித்ததும் சுருங்கியது. உப்பு இல்லை, பெருங்காயம் இல்லை, ஒன்றும் இல்லை, கெட்டியாகப் புளித்த வெறும் மோர். மேசையிலிருந்த உப்புப் பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிக் கலக்கினார். பிறகு போய் இன்னொரு டம்ளர் வாங்கி வந்தார்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் மார்த்தாவிடம் அக்காவின் கேள்வியைக் கேட்டேன். மார்த்தா நல்ல மனுஷி, அதைச் சொல்லிவிட வேண்டும். பாகூரில் இருந்தபோது அக்கா கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டு, நாளைக்கும் வேண்டும் என்பார். கேள்வியைக் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொத்தனாரின் வேலை போகவே போகாது. அவர் கலைஞர். இயந்திரம் அவரிடமிருந்து காலமெல்லாம் கற்றுக்கொண்டே இருக்கும். தூக்கிக் கொடுக்கிற வேலைதான் போகும். அது முதுகை ஒடிக்கிற வேலை, யாருக்கும் அது வேண்டாம், இல்லையா?”

நான் தலையாட்டிவிட்டேன். எனக்கு அப்படியொரு பழக்கம், ஆங்கிலத்தில் யார் என்ன சொன்னாலும் தலை தானாக ஆடும். ஆடி முடித்த பிறகுதான் நெஞ்சுக்குள் விழுந்தது. பின்னால் இரண்டு பேர் காப்பி ஊற்றிக்கொண்டே பேசினார்கள். “எங்கள் அடுத்த சைட்டில் உதவியாள் ஒருவர் கூட இருக்க மாட்டார்,” என்றார் ஒருவர். “அதுதானே சுலபம்,” என்றார் மற்றவர். பதில் கிடைத்துவிட்டது, வேறென்ன. கூலிக்கணக்கில் தனம் அக்காவின் பெயரை என் கையாலேயே அடிப்பது போலக் கண்ணுக்குள் வந்தது. மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் கால்வாய் ஓரமாக நடந்தோம். தள்ளுவண்டிக் கடையில் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் வெங்காயம் தூவிய ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து, அப்படியே வாய்க்குள் இறக்கினார். சமைக்காத மீன். மணப்பட்டுக் கரையில் வலையோடு பிறந்து வளர்ந்தவர்கள் கூட அதைக் குழம்பில் போட்டுத்தான் தின்பார்கள். மேஸ்திரி நின்று பார்த்துவிட்டு, “தனம் பாத்துதுன்னா இந்தாளுக்கு ஒரு சட்டி கொழம்பு வெச்சி குடுக்கும்,” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

அடுத்த நாள் எங்கள் குழுவின் படத்தைத் திரையிட்டார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. பாகூர் ஏரிக்கரை பெரிய திரையில் வந்ததும் எனக்குப் புல்லரித்தது. பனைமரம், சாரம் கட்டிய எங்கள் கட்டடம், அதில் கறுப்பு உடுப்போடு மேஸ்திரி. கலவையைப் பரப்புகிறார். கண், சுவர் நேராக வரக் கட்டிய நூலை விட்டு அசையாமல், இடது கையைப் பின்னால் நீட்டுகிறார். காற்றில் ஒரு செங்கல் தானாக மிதந்து வந்து அவர் கையில் உட்காருகிறது. வைக்கிறார். மறுபடி கையை நீட்டுகிறார். மறுபடி ஒரு செங்கல் மிதந்து வருகிறது.

மண்டபத்தில் சிலர் ரசித்துச் சிரித்தார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அந்த இடத்தில் அக்கா நிற்க வேண்டும். எல்லா நாளும் அக்காதான் நின்றது. பதிவு எடுக்கும்போது நானே பக்கத்தில் இருந்தேன். இப்போது அந்த இடத்தில் ஏரிக்கரை தெரிகிறது. அக்காவைப் படத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆளை எடுத்தவர்கள் நிழலை எடுக்க மறந்துவிட்டார்கள். தரையில், மணல் குவியலுக்குப் பக்கத்தில், தலையில் சட்டியோடு ஒரு நிழல் போய்ப் போய் வந்தது.

மேஸ்திரி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். “மேடம், தனம் எங்க? நெழலு கீது, ஆளு காணமே.”

“கம்ப்யூட்டர்ல எடுத்துட்டாங்க மேஸ்திரி. சும்மா படத்துல மட்டுந்தான்.”

“ஏன் எடுத்தாங்க?”

அவருக்கு வியர்த்துவிட்டது. ஆள் இல்லாமல் நிழல் மட்டும் நடந்தால் அவருக்கு என்ன தோன்றும்? வீட்டுக்கு உடனே போன் போடச் சொன்னார். வெளியே வந்து போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

“இன்னாயா, இந்நேரத்துல? சாப்டியா?”

“சாப்ட்டேன்.”

“அப்பறம் ஏன் கூப்ட்ட?”

“சும்மாதான். நல்லாதான கீற?”

“எனுக்கு இன்னா கேடு? காச கரியாக்காத, வையி.”

அவர் போனைக் கொடுத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

மேடை நிகழ்ச்சி அதற்கு மறுநாள். இயந்திரத்துக்கு எத்தனையோ ஒத்திகை. மேஸ்திரிக்கு ஒன்று கூட இல்லை, அவர் மனிதர்தானே, அவருக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். மேடையில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு கலவை, எதிரே ஒரே அளவில் அடுக்கிய செங்கல், நடுவில் ஒரே நூல். இயந்திரம் என்பது ஒரு பீடம், அதன்மேல் இரண்டு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா. சோதனைச்சாலையில் அது எதிரே இருக்கும் கல்லை எடுத்து நன்றாகத்தான் கட்டிக்கொண்டிருந்ததாம். ஆனால் அன்று காலையில்தான், இன்னும் நன்றாகக் கட்டட்டும் என்று, பாகூரில் எடுத்த பதிவு முழுவதையும் அதற்குள் ஏற்றியிருந்தார்கள்.

நான் பேசி முடித்து இறங்கி, மணி அடித்ததும் இருவரும் கலவையை அள்ளினார்கள். இயந்திரம் கரணையை ஒரு சுண்டு சுண்டிக் கலவையைப் பரப்பி, விளிம்பில் வழிந்ததை அடியிலிருந்து வழித்தது. அச்சு அசல் மேஸ்திரிதான். அவர் ஒரு நொடி வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார். “அது என் கையி,” என்று அவர் முணுமுணுத்தது மைக்கில் கேட்டது. கூட்டத்துக்குப் புரியவில்லை.

பிறகு இயந்திரம், கேமராவை நூலில் வைத்தபடி, இடது கையைப் பின்னால் நீட்டியது. விரல்களை விரித்தது. காத்திருந்தது.

பக்கத்தில் மேஸ்திரியும் கண்ணை நூலை விட்டு எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டினார். விரல்களை விரித்தார்.

இரண்டு கையும் வெறுமையாக நின்றன. எதிரே கல் அடுக்கி வைத்திருக்கிறது, குனிந்தால் எடுத்துவிடலாம். ஆனால் எங்கள் கொத்தனார் என்றைக்குக் கல்லுக்குக் குனிந்திருக்கிறார்? கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. இயந்திரத்தின் கை அப்படியே நீண்டிருந்தது.

“தனம், கல்லு,” என்றார் மேஸ்திரி, திரும்பாமல்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பித் தன் கையைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தின் கையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனுஷன் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. என் கால் தானாக மேடை ஏறியது. ஒரு கல்லை எடுத்து அவர் கையில் வைத்தேன். இன்னொன்றை எடுத்து இயந்திரத்தின் கையில் வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. அது கல்லை நூலுக்கு நேராக, கச்சிதமாக வைத்துவிட்டு, மறுபடி கையைப் பின்னால் நீட்டியது.

கீழே இறங்கியதும் மார்த்தா ஓடி வந்தார். “அது எதற்காகக் காத்திருக்கிறது?”

“தனம் அக்காவுக்காக,” என்றேன். “நீங்கள் படத்திலிருந்து எடுத்தீர்களே, அவருக்காக.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. எடுத்தது மென்பொருள்தானாம். கொத்தனாரின் உடம்பு தெளிவாகத் தெரியவிடாமல் குறுக்கே வருகிற எதுவும் மறைப்பு என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். அக்கா எல்லாப் பதிவிலும் குறுக்கே வந்துகொண்டே இருந்ததால் எல்லாவற்றிலிருந்தும் போய்விட்டது. “அவர் கையால் சாப்பிட்டேனே,” என்று மார்த்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது.

அது அதிக நேரம் நிலைக்கவில்லை. காப்பி இடைவேளையில் மார்த்தா பளபளக்கும் கண்களோடு மறுபடி வந்தார். இந்த மாநாட்டிலேயே முக்கியமான கண்டுபிடிப்பு இதுதானாம். சுவர் கட்டுவது ஓர் உடம்பு அல்ல, இரண்டு உடம்புகளாம். “அடுத்த முறை பாகூருக்கு வந்து தனத்துக்கு அந்த உடுப்பை மாட்டுவோம். எப்போது எந்தக் கல்லை எந்தப் பக்கத்திலிருந்து கொடுக்கிறார் என்று பதிவோம். இந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்கும். ஆனால் அவர் சம்மதித்தால்தான். நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.”

இதுவரை பார்த்த அதிர்ச்சி எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அக்கா ஒருத்தி இருப்பதே தெரியாத வரைக்கும் அந்த இயந்திரம் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கும். அக்காவின் வேலையை அது இவ்வளவு சீக்கிரம் தொட்டிருக்க முடியாது. நான்தான் மேடை ஏறிக் கல்லை வைத்து, பெயரையும் சொல்லி, இதோ இவர்தான் என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என்ன வைத்தார்கள் என்று கூட எனக்கு ஞாபகம் இல்லை.

பாகூரில் இறங்கியதும் மேஸ்திரிக்கு வாய் திறந்துகொண்டது. தரையில் செங்கல், பாதியாக ஒடிந்த ரயில், எறும்பு ரொட்டி, பச்சை மீன் என்று சைட்டில் எல்லாரையும் உட்கார வைத்துக் கதை சொன்னார். மேடையை மட்டும் விட்டுவிட்டார்.

நான் தனம் அக்காவைக் கலவைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு, நீட்டி முழக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். படத்திலிருந்து எடுத்தது, நிழல், நீண்ட கை, மார்த்தா கேட்டது, நான் காட்டிக் கொடுத்தது. “போறது உங்க வேலைதான் அக்கா. உடுப்ப மாட்டினா சீக்கிரம் போவும். மாட்டலன்னா கொஞ்ச நாள் தள்ளும்.”

அக்கா முதலில் சிரித்தது. “அங்க போயும் என்னியா கூப்ட்டாரு? அத்தினி பேரு முன்னால?” முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மறுபடியும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சந்தோஷம்தான் அதிகம். பிறகு தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, கையில் காய்ந்திருந்த கலவையைச் சுரண்டியது. சுரண்டிக்கொண்டே சொன்னது:

“உடுப்பு மாட்டிக்கிறேன்னு சொல்லு. ஆனா இப்ப இல்ல. மொதல்ல கரண என் கையிக்கி வரணும். நான் செவுரு கட்டக் கத்துகினு நிக்கிறப்போ வந்து மாட்டட்டும். கல்லு குடுக்கறதுக்கு மிஷினு வர்றதுன்னா எனுக்கும் குடுக்கட்டுமே. அவுருக்கு மட்டுந்தான் குடுக்குமா?”

இத்தனை நாளாகச் சைட்டில் கணக்குப் பார்க்கிறேன், ஒரு பெண் கையில் கரணை கொடுக்கலாம் என்று டிப்ளமா படித்த எனக்கே தோன்றியதில்லை.

மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். “இன்னா மேடம் வெளாட்டு? பொம்பள கரண புடிச்சி கட்ன வூட்ல எவன் குடி வருவான்?”

“அத்தினி பேரு முன்னால என்னியத் தேடுனியே, அப்ப நான் பொம்பளன்னு தெரியலியா?” என்றது அக்கா.

கோபம் தாங்காமல் அவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நான் மார்த்தாவுக்கு அக்கா சொன்னதை அப்படியே எழுதினேன். கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுப் பதில் வந்தது. “கத்துக்கிற வரிக்கும் ஆவும்னு எழுது,” என்றது அக்கா. எழுதிவிட்டேன். பிறகு யாரையும் கேட்காமல், வீட்டுப் பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரை அக்காவிடம் ஒதுக்கினேன். மளிகைக்கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

மேஸ்திரி திரும்பி வந்த அன்று சாயங்காலம், அக்காவின் சுவர் இடுப்பு உயரம் வந்திருந்தது. வந்தவர் நேராகப் போய், சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் விட்டார். குண்டு விட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை, சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. அவர் முகத்தில் மேடை ஏறியதிலிருந்து காணாத சிரிப்பு வந்தது.

“பாத்தியா? இடிச்சிப் போடு.”

“இடிக்கறேன்,” என்றது அக்கா. “நீ இன்னா, கரண புடிச்ச மொத நாளே வில்லியனூர் கோபுரமா கட்டுன?”

அவர் தூக்குக்குண்டின் நூலைச் சுருட்டிக்கொண்டார். அக்கா சுவரைக் கையாலேயே தள்ளிச் சரித்துவிட்டு, கற்களைச் சுரண்டி அடுக்கி, மறுபடி நூல் கட்ட ஆரம்பித்தது.